ஹீத்கிளிஃப் என்ன குடி?

அது ஒரு ஆடி மாதம். பல்கலைக்கழக விடுமுறைக்கு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் அம்மம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே கச்சான் காற்று முற்றத்து மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால் சோற்றுக்குள் மண் விழும். வேறு வேலை இல்லாமல் பரீட்சைக்குரிய 'வதரிங் ஹைட்ஸ்' என்ற ஆங்கில நாவலோடு உள்வீட்டில் குந்தியிருந்தேன். அம்மம்மா பாக்கு வெட்டிக்கொண்டே, "ரெண்டு நாளா அதுக்குள்ளேயே கிடக்காய், என்ன மனே அதில கதை?" என்று கேட்டார்.

சொல்லத் தொடங்கினேன். மலைக்காட்டில் ஒரு பழைய பண்ணை வீடு. வீட்டுக்காரருக்கு ஒரு மகன், ஒரு மகள். ஒருநாள் அவர் 60 மைல் தொலைவிலுள்ள துறைமுகப் பட்டினத்துக்கு நடந்தே போகிறார். மகன் பிடில் கேட்டான், மகள் சவுக்குக் கேட்டாள். மூன்றாம் நாள் இரவு திரும்பி வந்தவரின் மேலங்கிக்குள் இருந்து இறங்கியது ஒரு கறுத்த, அழுக்குப் பொடியன். தெருவில் பசியோடு கிடந்தானாம். பிடில் நொறுங்கிப் போயிற்று, சவுக்கு வழியில் தொலைந்து போயிற்று.

அம்மம்மாவின் பாக்குவெட்டி நின்றது. "அந்தப் பொடியன் என்ன குடி?"

"குடி தெரியாது அம்மம்மா. தாய் ஆர் எண்டே தெரியாது."

"அப்ப அவனுக்கு ஆர் பொண்ணு குடுப்பா?"

முழு நாவலின் முடிச்சும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. விரிவுரை மண்டபத்தில் இதைச் சொல்ல எங்களுக்கு இரண்டு வாரம் எடுத்தது.

குடி என்பது வெளியூர்க்காரருக்குக் கொஞ்சம் விளக்க வேண்டிய சொல். மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழரிடையே அது தாய்வழிக் கால்வழி. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. தகப்பன் குடி பிள்ளைக்கு ஒட்டாது. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் யார், திருவிழாவில் எந்த நாள் எவருக்கு என்பதெல்லாம் குடியைப் பார்த்துத்தான் நடக்கும். கிழக்கு முஸ்லிம்களிடமும் இதே தாய்வழிக் குடிமுறை உண்டு, பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர்மாரும் குடி பார்த்தே வருவார்கள். ஆக, தாய் தெரியாத பிள்ளை இங்கே வெறும் ஏழையோ அநாதையோ மட்டுமல்ல. அவனை எந்த வரிசையில் நிறுத்துவது என்றே ஊருக்குத் தெரியாது.

எமிலி புரோன்டே 1847 டிசம்பரில் எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்ட 'வதரிங் ஹைட்ஸ்' நாவலின் ஹீத்கிளிஃப் அப்படிப்பட்ட பிள்ளை. வீட்டில் குழந்தையாகவே இறந்துபோன ஒரு மகனின் பெயரை அவனுக்கு வைக்கிறார்கள். அந்த ஒற்றைப் பெயர்தான் அவனுக்கு முதற்பெயர், அதுவே குடும்பப்பெயர். ஏர்ன்ஷோ என்ற வீட்டுப்பெயரை ஒருவரும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

அவன் எங்கிருந்து வந்தான் என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். அந்தப் பட்டினம் லிவர்பூல். 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரித்தானிய அடிமை வியாபாரத்தின் முதன்மைத் துறைமுகம். அதனால் ஆப்பிரிக்கப் பிள்ளையாக இருக்கலாம் என்கிறார்கள் சிலர். பக்கத்து மாளிகையின் லின்டன் துரை அவனை முதன்முதல் பார்த்ததும், இது ஒரு குட்டி லஸ்கராக இருக்கும், இல்லாவிட்டால் அமெரிக்க, ஸ்பானியக் கரையிலிருந்து ஒதுங்கியதாக இருக்கும் என்கிறார். லஸ்கர் என்றால் ஆங்கிலேயக் கப்பல்களில் வேலை பார்த்த கீழைநாட்டு மாலுமி. போர்த்துக்கேயர் காலத்து லஸ்கொரீன் படையைப் பாடப்புத்தகத்தில் படித்த நமக்கு அந்தச் சொல் அந்நியமில்லை. யோர்க்ஷயர் மலைக்காட்டுக் கதைக்குள் இந்துமாக்கடலின் உப்பு ஒரு துளி தெறித்துக் கிடப்பதாக எனக்குப் படும். நாவலாசிரியர் எதையும் உறுதிப்படுத்தவில்லை. அப்படி விட்டதும் சரிதான். குடி தெரியாதவன் என்பதுதான் அவனுடைய அடையாளம்.

வதரிங் என்பதும் ஊர்ச்சொல். யோர்க்ஷயரில் உயரமான இடங்களில் அடிக்கும் பேய்க்காற்றின் கொந்தளிப்பைச் சொல்லும் வழக்குச் சொல் என்று கதையின் முதல் அதிகாரமே விளக்கம் தருகிறது. நாம் கச்சான், வாடை, சோழகம் என்று காற்றுக்குக் காற்று பெயர் வைத்திருப்பதுபோல. அந்த வீட்டைச் சுற்றியுள்ள மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். இந்தச் சாய்ந்த மரம் பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் திரும்ப வரும், ஞாபகத்தில் வைத்திருங்கள்.

நாவலில் இரண்டு வீடுகள். மேட்டிலே வதரிங் ஹைட்ஸ், நாலு மைல் கீழே பள்ளத்தாக்கில் திரஷ்கிராஸ் கிரேஞ்ச். முதலாவது உழுது சாப்பிடும் பழைய குடும்பம். கதவு நிலைக்கு மேலே 1500 என்ற ஆண்டும் ஹேர்ட்டன் ஏர்ன்ஷோ என்ற முன்னோர் பெயரும் செதுக்கப்பட்ட கல்வீடு. எசமானும் வேலையாளும் ஒரே அடுக்களை நெருப்பில் குளிர்காய்வார்கள். மற்றது சிவப்புக் கம்பளமும் தொங்கும் கண்ணாடி விளக்கும் உள்ள கனவான் வீடு. சேற்றில் கால் வைக்காமல் காணி வருமானத்தில் வாழ்பவர்கள். படுவான்கரைப் போடியாரின், அதாவது பெரிய வயற்காரரின், பழைய வீட்டுக்கும், பாதை என்ற மிதவைப் படகில் வாவியைக் கடந்து வந்தால் கிழக்கே எழுவான்கரையில் இருக்கும் உத்தியோகத்தர் வீட்டுக்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வசதியான வீடுதான். ஆனால் ஒன்றின் பிள்ளை மற்றதற்குப் போனால் கால் கழுவச் சொல்வார்கள்.

ஏர்ன்ஷோ வீட்டு மகள் கேத்தரின் அப்படித்தான் போகிறாள். தகப்பன் செத்ததும் அண்ணன் ஹிண்ட்லி வீட்டுக்கு எசமானாகி, ஹீத்கிளிஃபின் படிப்பை நிறுத்தி, வயல் வேலைக்கு அனுப்பிவிட்டான். அதுவரை அண்ணன் தங்கைபோல ஒன்றாக வளர்ந்த இரண்டு பிள்ளைகளும் ஓர் இரவு கீழே இறங்கி, கிரேஞ்ச் வீட்டு யன்னலால் எட்டிப் பார்க்கிறார்கள். காவல் நாய் கேத்தரினின் காலைக் கடிக்கிறது. அவளை உள்ளே தூக்கிப்போய்க் காலைக் கழுவி, சுடுநீர் வைத்து, தலைவாரி விடுகிறார்கள். அவனை இருட்டில் துரத்துகிறார்கள். ஐந்து வாரம் அங்கே தங்கிவிட்டுத் திரும்பும்போது அவள் குதிரையிலிருந்து சீமாட்டியாக இறங்குகிறாள். அவனைக் கட்டி முத்தமிட்டுவிட்டு அடுத்த மூச்சிலேயே, எவ்வளவு கறுப்பாய், முறைப்பாய் இருக்கிறாய் என்று சிரிக்கிறாள். எனக்கு விருப்பமான அளவுக்கு ஊத்தையாக இருப்பேன் என்கிறான் அவன். வர்க்கம் என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே வர்க்கத்தைக் காட்டிய பக்கங்கள் இவை. ஐந்தே வாரம்!

நாவலின் புகழ்பெற்ற இடம் இதற்குப் பிறகு வருவது. கிரேஞ்ச் வீட்டு எட்கார் லின்டன் பெண் கேட்கிறான். கேத்தரின் சரி என்று சொல்லிவிட்டு, வேலைக்காரி நெல்லி டீனிடம் வந்து மனதைக் கொட்டுகிறாள். ஹீத்கிளிஃபைக் கட்டினால் எனக்கு இழிவு என்கிறாள். மறைவில் இருந்த ஹீத்கிளிஃப் அதைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறான். அவன் கேட்காமல் போன பகுதியில்தான், எங்கள் ஆன்மா எதனால் செய்யப்பட்டதோ அவனுடையதும் என்னுடையதும் ஒன்றுதான், நெல்லி, நானே ஹீத்கிளிஃப் என்கிறாள்.

இந்த வரிகளைச் சட்டைகளிலும் கோப்பைகளிலும் அச்சடித்து விற்கிறார்கள். ஆனால் இடையில் அவள் சொன்ன இன்னொன்றை யாரும் அச்சடிப்பதில்லை. நானும் ஹீத்கிளிஃபும் கட்டினால் பிச்சைதான் எடுக்க வேண்டும், லின்டனைக் கட்டினால் அந்தக் காசில் ஹீத்கிளிஃபை அண்ணனின் பிடியிலிருந்து மீட்டு உயர்த்திவிடலாம். இதுதான் அவளுடைய திட்டம். புருஷனின் காசில் காதலனைக் கரையேற்றுவது! பதினைந்து வயதுப் பிள்ளையின் கணக்கு என்று சிரிக்கலாம். ஆனால் அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது? அந்த வீட்டில் அவளுக்கு ஒரு சதம் இல்லை. வீடும் காணியும் அண்ணனுக்கு.

இங்கேதான் மட்டக்களப்பு வாசகருக்குக் கதை தட்டுப்படும். நம்மூரில் வீடு பெண்ணுக்கு. பெண் பிள்ளை பிறந்தால் வீடு கட்டும் யோசனையும் பிறக்கும். சீதன வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து குடியேறுவான். அடுத்த மகளுக்கு முறை வரும்போது தாய் தகப்பன் அதே வளவுக்குள் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்குவார்கள். முன்காலத்தில் இங்குள்ள முக்குவர் சமூகத்துக்கு முக்குவர் சட்டம் என்றே ஒன்று இருந்தது. பரம்பரைச் சொத்து ஆணிடமிருந்து அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். அதன் விதிகளைக் கிறிஸ்டோபர் பிரிட்டோ 1876இல் ஆங்கிலத்தில் தொகுத்து வெளியிட்டார். இங்கிலாந்தில் கலியாணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரில் முழுதாக வைத்திருக்க 1882ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. அதற்கு முன்னர் பெண்ணின் அசையும் சொத்து தாலி கட்டிய நிமிடமே புருஷனுடையது (அங்கே தாலி ஏது, மோதிரம்).

ஆகவே ஏர்ன்ஷோ குடும்பத்தைத் தூக்கி வந்து படுவான்கரையில் வைத்துப் பாருங்கள். வீடு கேத்தரினுக்கு. ஹிண்ட்லி கலியாணம் முடித்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். தகப்பன் செத்ததும் திரும்பி வந்து எசமானாக நிற்க அவனுக்கு வழியே இல்லை. கதை முதல் நூறு பக்கத்தில் முடிந்துவிடும்.

அப்படியா? அவசரப்படக் கூடாது. குடி தெரியாத பொடியனுக்குப் பெண் கொடுக்க அம்மம்மா சம்மதிக்கவில்லையே. வீட்டு உறுதிப் பத்திரம் பெண்ணின் பெயரில் இருந்தாலும் யாரைக் கட்டுவது என்பதை அவள் தனியே தீர்மானித்ததாக நான் அறிந்த வயல் வட்டைகள் எதிலும் கதை இல்லை. போடியார் வீட்டுப் பிள்ளை, வயல் வாடியில் காவல் கிடக்கும் முல்லைக்காரனை விரும்பினால் ஊர் என்ன சொல்லும் என்பது நமக்குத் தெரியும். அப்புறம், சீதன முறைக்கு இன்னொரு முகமும் உண்டு. தங்கச்சிமாருக்கு வீடு கட்டி முடியும்வரை அண்ணன்மார் உழைத்துத் தேய்வதும், வீடு கட்ட வக்கில்லாத தகப்பனின் மகள் கலியாணமில்லாமலே நரைப்பதும் அதே முறையின் பிள்ளைகள்தான். இங்கே ஹிண்ட்லியின் பொறாமைக்கு வேறு காரணம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். வர்க்கத்துக்கு வேலி மாறும். வேலி இல்லாத ஊர் இல்லை.

ஹீத்கிளிஃப் மூன்று வருடம் காணாமல் போய், பணத்தோடு திரும்பி வருகிறான். அந்தப் பணம் எப்படி வந்தது என்று நாவல் சொல்வதே இல்லை. அதன் பிறகு அவன் செய்வதைப் பார்க்கும்போதுதான் இந்நாவல் ஏன் மற்றப் பழிவாங்கும் கதைகளைப்போல இல்லை என்று விளங்கும். அவன் வாளெடுக்கவில்லை. உறுதி எழுதும் நொத்தாரிசு வீட்டுப் படியேறுகிறான்.

ஹிண்ட்லி மனைவியை இழந்து குடியிலும் சூதாட்டத்திலும் கிடக்கிறான். ஹீத்கிளிஃப் அவனோடு சீட்டாட உட்கார்கிறான். ஆடக் காசு வேண்டுமே? கடன் கொடுக்கிறான், காணியை ஈடாக எடுக்கிறான். துண்டு துண்டாக முழுக் காணியும் ஈட்டுறுதிக்குள் போகிறது. ஹிண்ட்லி சாகும்போது வதரிங் ஹைட்ஸ் ஹீத்கிளிஃபின் கையில்.

அடுத்தது கிரேஞ்ச். கேத்தரின் இப்போது எட்காரின் மனைவி. எட்காரின் தங்கை இசபெல்லா ஹீத்கிளிஃபின் மேல் ஆசைப்படுகிறாள் என்று தெரிந்ததும் அவன் கேட்கும் கேள்வி, அவள்தானே அண்ணனுக்கு வாரிசு? அழகா, குணமா என்று கேட்கவில்லை. எட்காருக்கு ஆண் பிள்ளை இல்லாவிட்டால் காணி அவன் மகளுக்குப் போகாமல் இசபெல்லாவுக்கும் அவள் மகனுக்கும் போகும்படி அவன் தகப்பனான பழைய லின்டன் துரை எழுதி வைத்திருந்தார். ஹீத்கிளிஃப் இசபெல்லாவைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறான். மகன் பிறக்கிறான். கேத்தரின் ஒரு மகளைப் பெற்றுவிட்டுச் சாகிறாள்.

பதினேழு வருடம் காத்திருந்து, அந்த மகனுக்கும் கேத்தரினின் மகளுக்கும் கட்டாயக் கலியாணம் செய்து வைக்கிறான். பெண்ணை வீட்டுக்குள் பூட்டி வைத்து, அவள் தகப்பன் சாகக் கிடக்கும் நேரத்தில். எட்கார் தன் மகளின் பங்கைக் காப்பாற்ற நம்பிக்கைப் பொறுப்பில் எழுதிவைக்கலாம் என்று வழக்கறிஞரை அழைக்கிறார். அந்த வழக்கறிஞர் ஏற்கெனவே ஹீத்கிளிஃபிடம் விலைபோயிருந்தார், எட்கார் சாகும்வரை வந்து சேரவில்லை. பெண்ணின் அசையும் சொத்து அவள் புருஷனான நோயாளிப் பையனுக்கு. அவன் சாகுமுன் அந்த அசையும் சொத்து எல்லாவற்றையும் தகப்பன் பெயருக்கு எழுதிக் கொடுக்கிறான். காணியை மனைவியின் உரிமையிலும் தன் உரிமையிலும் ஹீத்கிளிஃப் எடுத்துக்கொள்கிறான். இரண்டு வீடும் ஹீத்கிளிஃபின் காலடியில்.

இந்த உறுதி, ஈடு, மரணசாசனக் கணக்கெல்லாம் அக்காலத்துச் சட்டத்தோடு எவ்வளவு துல்லியமாகப் பொருந்துகிறது என்று சி. பி. சாங்கர் என்ற ஆங்கில வழக்கறிஞர் 1926இல் ஒரு கட்டுரையில் காட்டினார். அதே 1926இல்தான் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபின் கண்ணால் பார்த்து 'மதங்க சூளாமணி' எழுதி வெளியிட்டார். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. ஆங்கில இலக்கியத்தை நம்மூர்க் கணக்கில் வாசிப்பது நேற்று வந்த வழக்கமல்ல என்பதற்காகச் சொன்னேன்.

எமிலிக்கு இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? மலைக்காட்டில் தனிமையில் வளர்ந்த பாதிரியார் மகள், எதுவும் தெரியாத மேதை என்று ஒரு படம் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தகப்பன் பேட்ரிக் அயர்லாந்தின் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜுக்குப் போய், குடும்பப் பெயரின் எழுத்தையே மாற்றிக்கொண்டு மேலேறியவர். அவர்கள் இருந்த ஹாவர்த் வீடு தேவாலயத்துக்குரியது. தகப்பன் கண்மூடினால் பிள்ளைகளுக்குக் கூரை இல்லை. 1838இல் எமிலி ஆசிரியையாக வேலை பார்த்த லா ஹில் பள்ளிக்கூடக் கட்டடத்தைக் கட்டியவர் ஜாக் ஷார்ப் என்ற ஒருவர். உறவினர் வீட்டில் வளர்ப்புப் பிள்ளையாகப் புகுந்து, அந்த வீட்டின் சொத்தையே தன் கைக்குள் கொண்டுவந்தவர். ஹீத்கிளிஃபுக்கு மூலம் இவர்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆக, வீடு யாருக்கு என்ற கேள்வியோடுதான் அந்தப் பெண் வளர்ந்தாள். நாவல் வெளியாகி ஒரு வருடத்தில், 1848 டிசம்பர் 19இல், காசநோயால் போய்விட்டாள். வயது 30.

சரி, பழிவாங்கலுக்கு வருவோம். பழி என்றதும் நமக்கு முதலில் நினைவு வருபவள் கண்ணகிதான். காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் என்று இந்தக் கரை நெடுக அவளுக்குக் கோயில். வைகாசியில் கதவு திறந்து, அவள் கதைப் பாட்டான வழக்குரை பாடி, கடைசியில் குளிர்த்தி. மதுரையை எரித்த கோபத்தை வருடத்துக்கொரு தடவை பாட்டுப்பாடித் தணிக்கும் சடங்கு அது. சின்ன வயதில் அந்த இரவுகளில் அம்மம்மாவின் மடியில் கிடந்து, பாட்டு எப்போது முடியும் என்று தூங்கிவிழுந்தவன் நான். இந்த நாவலை இரண்டாம் தடவை வாசித்தபோது அந்த இரவுகள் திரும்பி வந்தன.

கண்ணகியின் பழி பகிரங்கமானது. சிலம்போடு அரச சபைக்குப் போய் வழக்குரைக்கிறாள். சட்டம் தவறிவிட்டது என்பதுதான் அவளுடைய குற்றச்சாட்டு. அது நிரூபணமானதும் அரசன் செத்தான், ஊர் எரிந்தது, ஒரே நாளில் கதை முடிந்தது. ஹீத்கிளிஃபின் பழி அதற்கு நேர்மாறு. அவன் எந்தச் சபைக்கும் போகவில்லை, யாரிடமும் நியாயம் கேட்கவில்லை. பெண்ணைப் பூட்டிவைத்த அந்த ஐந்து நாளையும் விலைபோன வழக்கறிஞரையும் கழித்துவிட்டால், சொத்துக்காக அவன் செய்த ஏறக்குறைய எல்லாமே சட்டப்படி சரி. ஈடு வைத்த காணியை எடுத்தது சரி, மனைவி வழிக் காணி மகனுக்கு வந்தது சரி, மருமகளின் சொத்து மகனுக்குப் போனது சரி. சட்டம் தவறியதால் கண்ணகி மதுரையை எரித்தாள். சட்டம் எங்கேயும் தவறாமல் நடந்ததால்தான் ஹீத்கிளிஃபால் இரண்டு வீட்டையும் எரிக்காமலே சாம்பலாக்க முடிந்தது. குடியில்லாதவனை வெளியே தள்ளிய அதே வேலியைப் பிடுங்கி, அதன் கட்டையாலேயே அவன் அடிக்கிறான்.

இதில் எனக்கு மிகக் கொடுமையாகப் படுவது காணியை எடுத்தது அல்ல. ஹிண்ட்லியின் மகன் ஹேர்ட்டனுக்குச் செய்தது. ஹிண்ட்லியைப் புதைத்த நாளில் அந்தச் சின்னப் பிள்ளையைத் தூக்கி மேசைமேல் வைத்து, இனி நீ என் ஆள், ஒரே காற்று முறுக்கினால் ஒரு மரத்தைப்போலவே மற்ற மரமும் கோணலாக வளர்கிறதா என்று பார்ப்போம் என்கிறான் ஹீத்கிளிஃப். அந்தச் சாய்ந்த மரம் இதுதான். தன் படிப்பை நிறுத்தியவனின் மகனுக்குப் படிப்பே காட்டாமல் விடுகிறான். தகப்பன் வீட்டிலேயே சம்பளமில்லாத வேலையாளாக வளர்க்கிறான். கதவு நிலையில் செதுக்கியிருப்பது தன் பெயர் என்று வாசிக்கத் தெரியாமல் அந்தப் பொடியன் தினமும் அதற்குக் கீழால் போய்வருகிறான். தன் சொந்த மகனையும் ஹேர்ட்டனையும் ஒப்பிட்டு, ஒன்று நிலத்தில் பதிக்கும் கல்லாகப் பாவிக்கப்பட்ட தங்கம், மற்றது வெள்ளிபோல் மினுக்கிய தகரம் என்று ஹீத்கிளிஃபே சொல்கிறான். எது தங்கம் என்று தெரிந்துதான் மிதிக்கிறான்.

இந்தப் பகுதி பலருக்குத் தெரியாது. நாவலுக்கு 34 அதிகாரங்கள், கேத்தரின் 16ஆவதிலேயே செத்துப் போகிறாள். 1939இல் வந்த புகழ்பெற்ற ஹொலிவூட் படம் ஏறக்குறைய அத்தோடு நின்றுவிட்டது, பிள்ளைகளின் கதையைத் தொடவே இல்லை. அதனால்தான் உலகம் இதை ஒரு காதல் கதையாக நினைவு வைத்திருக்கிறது. பிற்பாதியை வெட்டினால் காதல் மிஞ்சும், கணக்கு போய்விடும்.

பிற்பாதியில் ஒரு சின்ன விஷயம் நமக்குச் சட்டென்று பிடிபடும். கேத்தரினின் மகளுக்கும் பெயர் கேத்தரின்தான், கேதி என்று வைத்துக்கொள்வோம். கட்டாயமாகக் கட்டிவைத்த பையன் அவள் தகப்பனுடைய தங்கையின் மகன், அதாவது மாமி மகன். பிறகு அவள் விரும்பிய ஹேர்ட்டன் தாயின் அண்ணன் மகன், மாமன் மகன். இரண்டுபேரும் மச்சான் முறை! ஆங்கிலத்தில் இரண்டுபேருக்கும் ஒரே உறவுச்சொல்தான். அங்கே இது ஒன்றுக்குள் ஒன்றாக மூடிக்கொண்ட குடும்பம் என்று விமர்சகர்கள் மூச்சுத் திணறுகிறார்கள். நமக்கு முறைக் கலியாணம். தாய்வழியாகப் பார்த்தால் மூன்றுபேரும் மூன்று குடி, ஒரு தடையுமில்லை.

கதையின் தொடக்கத்தில், பழைய படுக்கையறை யன்னல் பலகையில் கேத்தரின் சின்ன வயதில் கீறிவைத்த பெயர்கள் வருகின்றன. கேத்தரின் ஏர்ன்ஷோ, கேத்தரின் ஹீத்கிளிஃப், கேத்தரின் லின்டன். பிறந்த பெயர், ஆசைப்பட்ட பெயர், கட்டிக்கொண்ட பெயர். மகள் கேதி அதைப் பின்பக்கமாக நடக்கிறாள். லின்டனாகப் பிறந்து, ஹீத்கிளிஃபாகக் கட்டப்பட்டு, கடைசியில் ஏர்ன்ஷோவாகப் போகிறாள். ஒரு பெண்ணின் வாழ்க்கை எத்தனை வீட்டுப் பெயர்களுக்கூடாகக் கைமாறுகிறது என்பதை எமிலி ஒரு பலகையில் எழுதி வைத்துவிட்டாள். நம்மூர்ப் பெண்ணின் குடி கலியாணத்தால் மாறுவதில்லை. ஆனால் அடையாள அட்டையில் என்ன எழுதுகிறோம் என்று கேட்காதீர்கள்.

அப்புறம் குளிர்த்தி. கேதி முதலில் ஹேர்ட்டனின் எழுத்தறியாமையைப் பார்த்துச் சிரிக்கிறாள். தாய் ஹீத்கிளிஃபின் ஊத்தையைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. பிறகு வெட்கப்பட்டு, ஒரு புத்தகத்தை வெள்ளைத் தாளில் சுற்றி அவனுக்குக் கொடுத்து, வாசிக்கச் சொல்லித் தருகிறாள். தாய் செய்யாததை மகள் செய்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். ஹீத்கிளிஃப் ஒருநாள் வீட்டுக்குள் வருகிறான். நெருப்புக்கு முன்னால் இரண்டுபேரும் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்துகிறார்கள். இரண்டு முகத்திலும் இருப்பது கேத்தரினின் கண்கள். அவன் கை தாழ்கிறது. அழிப்பதை ரசிக்கும் சக்தி என்னிடம் போய்விட்டது என்கிறான் நெல்லியிடம். மரணசாசனம் எழுதவும் அவனால் முடியவில்லை. யாருக்கு எழுதுவது? சொத்து முழுவதையும் பூமியிலிருந்தே இல்லாமல் பண்ணிவிட முடிந்தால் நல்லது என்கிறான். வாழ்நாள் முழுக்க உறுதி சேர்த்தவன் அதைக் கொடுக்க ஆளில்லாமல் நிற்கிறான். சாப்பாடு இறங்காமல், கேத்தரின் தூங்கிய அதே படுக்கையில், யன்னல் திறந்து மழை உள்ளே அடிக்கச் செத்துக் கிடக்கிறான். அவனுக்காக உண்மையில் அழுதது ஒருவன்தான், எல்லாரையும்விட அதிகமாக அநியாயம் செய்யப்பட்ட ஹேர்ட்டன்.

அன்று பின்னேரம் இவ்வளவையும் அம்மம்மாவுக்கு ஒரே மூச்சில் சொல்லவில்லை. தேத்தண்ணி, இடையில் ஒரு தூக்கம், வேலியால் வந்த பக்கத்து வீட்டு ஆடு எல்லாம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் "மறுகா?" என்று தொடர்ந்தது அவர்தான். ஹீத்கிளிஃப் செத்ததும் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப ஊடு ரெண்டும் ஆருக்கு?"

கேதிக்கும் ஹேர்ட்டனுக்கும் என்றேன். புதுவருடத்தன்று கலியாணம். கலியாணம் முடிந்ததும் மேட்டு வீட்டைக் கிழட்டு வேலைக்காரனிடம் விட்டுவிட்டுக் கீழே கிரேஞ்சுக்குப் போய் இருக்கப்போகிறார்கள்.

"அது அந்தப் பொண்ணு பிறந்த ஊடெல்லோ?"

"ஓம்."

"மாப்பிள்ளை பொண்ணுட ஊட்டுக்குப் போறான்," என்றார் அம்மம்மா, மறுபடி பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு. "அந்தளவுக்காவது முறை தெரிஞ்ச சனம்."